வேறு அடுப்பில் காய்ச்சிய கஞ்சி

முதலில் தொண்டையில் சிக்கியது திருவிருந்து அப்பம். நகத்தளவு துண்டுதான். ஆலயத்தில் எல்லோரும் தலைகுனிந்து இருக்க, நான் மட்டும் இருமிக்கொண்டிருந்தேன். அவசரமாக விழுங்கிவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு புட்டு சிக்கியது. அதன் பிறகு குழைத்த சோறும் சிக்கியது. தண்ணீரைக் குடித்துத் தள்ளிவிட்டுத் தையல் மெசினுக்கு முன்னால் போய் இருந்துவிடுவேன். உங்களுக்கும் அப்படி இருந்தால் என்னைப்போல் நாள் கடத்தாதீர்கள்.

என்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் கமெராக் குழாய் இறக்கிப் பார்ப்பது) செய்து, சிறு துண்டு சதை எடுத்துச் சோதித்தார்கள். உணவுக்குழாயின் மேற்பகுதியில் புற்று. மருந்தோடு கதிர்ச் சிகிச்சையும் (புற்றுக் கலங்களைக் கதிர்களால் அழிப்பது) செய்வோம் என்றார் டொக்டர். அவர் கடைசியாகச் சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

“தொண்டை எரியும் அம்மா, புண்ணாகும். எண்டாலும் வாயாலை விழுங்கிறதை மட்டும் விட்டிடாதேங்கோ. விட்டால் தொண்டைக்கு அந்தப் பழக்கம் போயிடும். பிறகு குழாய்தான்.”

உரும்பிராயில் எங்கள் ஒழுங்கையில் நாங்கள் மட்டும்தான் கிறிஸ்தவக் குடும்பம். அடுத்த வளவு கமலாக்காவுடையது. வெங்காயத் தோட்டம் செய்கிற சைவக் குடும்பம். வேலிக்கு மேலால் நான் அவருக்கு யேசுவைப் பற்றிச் சொல்லாத நாளில்லை. அன்புதான் எங்கள் மார்க்கம் என்று அளந்துகொண்டிருப்பேன். அவரும் கைவேலையை விடாமல் “ஓம், ஓம்” என்று கேட்பார். ஒருநாள், “உங்கடை கோயிலுக்கு ஒருக்கா வந்து பார்க்கத்தான் வேணும்” என்றார். அன்று முழுவதும் என் கணவரிடம் அதையே சொல்லி அலுப்புக் கொடுத்தேன். ஓர் ஆத்துமாவைக் கொண்டுவந்துவிட்டேன் என்ற நினைப்பு எனக்கு.

சிகிச்சையின் நடுவில் தைப்பொங்கல் வந்தது. எச்சில் விழுங்கவே கண்ணால் தண்ணீர் வரும். வீட்டில் செய்து தந்த எதுவும் இறங்கவில்லை. அன்று சபைப் பெண்கள் எனக்காக ஜெபிக்க வந்து விறாந்தையில் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கமலாக்கா மூடிய கிண்ணத்துடன் படலையைத் திறந்து வந்தார்.

சாமிக்குப் படைத்த உணவை எங்கள் சபையில் உண்பதில்லை. அதைத் தன்மையாகச் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. ஆனால் பார்க்க ஆட்கள் இருந்தார்களே! எனக்கு வீரம் வந்துவிட்டது.

“கமலாக்கா, படைச்சது எங்களுக்கு ஆகாது எண்டு தெரியும்தானே? பிறகேன் இதைக் கொண்டு வாறியள்?”

“இல்லை ஜெபா, இது...”

“வேண்டாம் அக்கா. கொண்டு போங்கோ.”

அவர் கிண்ணத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு திரும்பிப் போனார். வந்திருந்த பெண்களில் ஒருத்தி “கர்த்தருக்கு நல்ல சாட்சி” என்று என் கையைப் பிடித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அதை எழுதக் கை கூசுகிறது.

அதன் பிறகு நான் விழுங்க முயல்வதையே விட்டுவிட்டேன். சில நாட்களில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். வார்ட்டில் கட்டிலருகே இருந்த கணவர் மெதுவாகச் சொன்னார்.

“கமலாக்காவின்ரை மனுசனைக் கண்டனான். பொங்கலண்டு உமக்கெண்டு விடியவே பின்பக்கம் வேறை அடுப்பு மூட்டி, அரிசியைக் குழையவிட்டு, துணியிலை வடிச்சவவாம். படைக்காத கஞ்சி. பொங்கல் பானை வைக்க முன்னம் அடுப்பு மூட்டினதெண்டு மாமியிட்டை ஏச்சும் வாங்கினவவாம்.”

அவர்கள் வீட்டில் பொங்கலன்று சூரியனுக்குப் படைக்கும்வரை வேறு அடுப்பு மூட்டமாட்டார்கள், பச்சைத் தண்ணீரும் பல்லில் படாது. என் வழக்கம் கெடக்கூடாது என்று அவர் தன் வழக்கத்தைத் தள்ளி வைத்திருக்கிறார். வேலிக்கு மேலால் நான் சொன்னதையெல்லாம் உண்மையாகவே கேட்டிருக்கிறார். குழாயால் பால் இறங்கிக்கொண்டிருக்க நான் அழுதேன். அழுதாலும் தொண்டை நொந்தது.

சிகிச்சை முடிந்து, விழுங்கப் பழகி, குழாயை எடுத்தார்கள். ஸ்கானில் புற்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்தும் பல நாட்கள் வேலிப் பக்கம் போகவில்லை. உடம்பு தேறட்டும் என்று சாட்டுச் சொன்னேன். தேறிய பிறகு சாட்டும் இல்லாமல் போனது. ஒரு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன்.

“கமலாக்கா, அண்டைக்கு நான் செய்தது பெரிய பிழை. என்னை மன்னியுங்கோ.”

“சீச்சீ, வருத்தக்காரியோடை கோவிக்கிறதே? அதை அப்பவே விட்டிட்டன். இரும்.”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. “கோயிலுக்கு வந்து பார்க்க வேணும் எண்டனியள்...” என்று இழுத்தேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை.

“உம்மடை யேசுவை எனக்குத் தெரியாது, ஜெபா. உம்மைத்தானே தெரியும்.”

குசினிக்குள் போய்த் தேநீரும், தண்ணீர்ச் செம்பும், உடைக்காத ஒரு பிஸ்கட் பக்கற்றும் கொண்டுவந்தார். “கடையிலை வாங்கினது. ஒண்டுக்கும் படைக்கேல்லை. பயப்பிடாமல் சாப்பிடும்” என்றார்.

கதிர் பட்ட இடம் சுருங்கிவிட்டது. காய்ந்த உணவு எனக்கு இனி ஆகாது. ஒரு வாய் இறங்கும்வரை அடுத்ததை நினைக்க முடியாது. முன்பு ஓடி ஓடிச் சாப்பிட்டவளுக்கு இப்போது பாதி நாள் விழுங்குவதிலேயே போகிறது. இதே நோயில் இருப்பவர்களே, அந்தப் பொறுமை வந்துவிடும், பயப்படாதீர்கள். ஆனால் பிஸ்கட்டுடன் நின்ற கமலாக்காவிடம், கஞ்சி தாருங்கள் என்று கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை.

பக்கற்றை நானே உடைத்தேன். ஒரு பிஸ்கட்டைத் தேநீரில் ஊறவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினேன். அது இறங்கி முடியும்வரை கமலாக்கா தண்ணீர்ச் செம்பைக் கையில் பிடித்தபடி என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.