பதினாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு மடி

எனக்குக் காது குத்த வேண்டிய ஆசாரி வந்துவிட்டார். நான் உட்கார வேண்டிய மடி மட்டும் இன்னும் ஆகாயத்தில் இருந்தது.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அம்மாவின் ஒரே தம்பி சான்பிரான்சிஸ்கோவில் இருந்தார். அம்மா தன் இஷ்டத்துக்கு அப்பாவைக் கட்டிக்கொண்டதிலிருந்து இருவருக்கும் பேச்சே கிடையாது. "அவன் மடி இல்லாம என் பொண்ணுக்குக் காது குத்த மாட்டேன்" என்று அம்மா பிடிவாதம் பிடித்ததில், ஒரு வயதில் முடிய வேண்டியது ஏழு வயது வரை இழுத்துவிட்டது. கடைசியில் அப்பாதான் மாமாவை அழைத்தார். 'வரேன்' என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. இதற்கும் வராவிட்டால் அம்மாவுக்குத் தம்பி இல்லை என்றே ஆகிவிடும்.

அப்பா கணக்கில் புலி. பதினாலாயிரம் கிலோமீட்டரை விமானத்தின் வேகத்தால் வகுத்துப் பார்த்து, முதல் நாள் புறப்பட்டால் போதும் என்று பத்திரிகையே அடித்துவிட்டார். நடுவே சிங்கப்பூரில் இறங்கிக் காத்திருந்து வேறு விமானம் ஏற வேண்டும் என்பது டிக்கெட் போடும்போதுதான் தெரிந்தது. அதற்கு முந்தின விமானத்தில் இடமும் இல்லை. முகூர்த்தம் பன்னிரண்டு மணி வரை. மாமா மீனம்பாக்கத்தில் இறங்குவதே பதினொன்றுக்கு.

பெருங்களத்தூரில் எங்கள் குடியிருப்பின் ஹாலில், உறவுக்கூட்டம் முழுக்க அப்பாவின் போனைச் சுற்றி நின்றது. அதன் வரைபடத்தில் ஒரு மஞ்சள் விமானம் வங்காள விரிகுடாமேல் ஊர்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் அது சீக்கிரம் வர வேண்டிக்கொண்டார்கள். ஆசாரியின் ஊசியைப் பார்த்துவிட்ட நான் மட்டும், அது திரும்பிப் போய்விட வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

விமானம் இறங்கிவிட்டது. பிள்ளையார் ஜி.எஸ்.டி. ரோட்டில் வேலையைக் காட்டினார். தொடர் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பிய கூட்டத்தில், மாமாவின் டாக்சி குரோம்பேட்டையிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவுமில்லை.

"அடுத்து பொத்தேரில ஒரு கொழந்த வெயிட் பண்ணிகினு கீதும்மா" என்றார் ஆசாரி.

"ஒண்ணுவிட்ட தம்பி இருக்காரே அண்ணி, அவர் மடியில வச்சுக் குத்திடலாம்" என்றாள் அத்தை.

என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அம்மாவின் பிடி இறுகிக்கொண்டே போனது. முகூர்த்தம் முடிய சில நிமிஷம் இருக்கும்போது, "சரி, குத்துங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என்னைத் தூக்கி அந்த ஒன்றுவிட்ட மாமா மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். வாசலில் செருப்புகளை மிதித்துக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கழுத்தில் விமானத் தலையணை அப்படியே தொங்கியது. டாக்சியை விட்டு இறங்கி, மின்சார ரயில் பிடித்து வந்திருக்கிறார். வந்த வேகத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, என்னை நோக்கிக் கைகளை நீட்டினார்.

மடி மாறினேன், ஊசி இறங்கியது. ஊர் கூடும்படி அலறினேன். அம்மா ஓடி வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைவிடப் பெரிதாக அழுதாள். என் வலி அவளுக்கும் வலிக்கிறது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அணைத்துக்கொள்வாள் என்று கையை நீட்டினேன். அவள் கை என்னைத் தாண்டிப் போய் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

"சாப்டியாடா?"

"இல்லக்கா."

காது குத்துப்பட்டவள் நான், விசாரிப்பு அவருக்கா! அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை.