கர்த்தருடைய பலாமரத்துக்கு நான் ஊற்றாத தண்ணீர்

இந்நாள்வரை என்னைத் தாங்கி வருகிற ஆண்டவருக்கு மகிமை. அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஞானப்பூ எழுதுகிறேன். இந்தப் பலாமரத்தைப் பற்றி நான் சபையில் ஒரு தடவை சாட்சி சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் அழுதார்கள். அதில் பாதி பொய். இது இரண்டாவது சாட்சி. யாரும் அழ வேண்டாம். கடைசிவரை வாசித்தால் போதும்.

ஒரு பங்குனி மாதம், பள்ளிக்கூடத்தில் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோதே என் கணவர் சரிந்து விழுந்தார். இடப்பக்கம் முழுவதும் போய்விட்டது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, ஆளை அசைக்காமல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். மேற்கு அறையில் ஜன்னலோரம் கட்டிலில் கிடத்தினேன். நாள் முழுக்கப் பாடம் சொன்ன மனுஷன், ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள், நாங்கள் என்ன பாவம் செய்தோம் என்று சுற்றி வளைத்து விசாரித்துவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள்.

எங்கள் வீடு நாகர்கோவிலுக்குக் கிழக்கே, ஆரல்வாய்மொழி ரோட்டில், புதிதாக மனை பிரித்த தெருவில் இருக்கிறது. நாஞ்சில் நாடு என்றால் வயலும் வாய்க்காலும் என்று வெளியூரார் நினைப்பார்கள். எங்கள் தெருவுக்கு வாய்த்தது செம்மண்ணும் காற்றும்தான். ஆனி பிறந்தால் மேல்காற்று கிழக்கே கணவாயைப் பார்த்து ஓடும். வழியில் ஓடு, கூரை, மரம் எது நின்றாலும் அதற்கு ஒன்றுதான். கோடையில் தெருக் கிணற்றில் அடிமண் தெரியும்.

கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு மறு வருஷம் இந்த மனைக்கு வந்தோம். வந்த வாரமே என் கணவர் மேற்குப் பக்கத்தில் இரண்டு பலாக்கன்று வைத்தார். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மரம் வைத்தால் ஒன்றைக் கர்த்தருக்கென்று ஒதுக்குவோம். அதன் காய் கோவிலுக்குப் போகும். வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் நிற்பது கர்த்தருக்கு, எட்ட நிற்பது நமக்கு என்று அவர் சொல்லிவிட்டார். எனக்கு அப்போதே அது பிடிக்கவில்லை. நல்ல இடத்தில் நிற்கிறதைக் கோவிலுக்குக் கொடுப்பானேன்?

எட்டாவது வருஷத்தில்தான் அவர் விழுந்தார். அந்த வருஷம் கோடை மழை இல்லை. கிணற்றுத் தண்ணீர் வீட்டுக்கு ஆறு குடம் என்று முறை வைத்தார்கள். எங்கள் பலாவில் முதல் தடவையாக ஏழு சக்கை, அதாவது பலாக்காய், பிடித்திருந்தது. கர்த்தருடையதில் ஒன்றே ஒன்று. அதுவும் சொத்தையாகத் தெரிந்தது.

நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். அரிசி கழுவிய தண்ணீர், அவரைத் துடைத்த தண்ணீர், மிச்சம் பிடித்த ஒரு குடம், எல்லாவற்றையும் தினமும் எங்கள் மரத்தின் மூட்டில், அடியை ஒட்டியே ஊற்றினேன். மற்றதற்கு ஒரு சிரட்டைகூட விடவில்லை. கர்த்தருக்கு வானமே கிணறு, அவர் மரத்தை அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அதோடு விட்டேனா? என் ஆட்டுக்குக் குழை வேண்டுமென்றால் கர்த்தருடைய மரத்தில்தான் ஒடிப்பேன். ஆனி பிறக்குமுன் இரணியல் பக்கத்திலிருந்து மரமேறுகிற தாசய்யனை வரவழைத்து, அதில் கிளை கிளையாக வெட்டச் சொன்னேன். கடைசியில் இரண்டு தடித்த கொம்பும் உச்சியில் கொஞ்சம் இலையும்தான் நின்றன.

தாசய்யன் இறங்கிவந்து எங்கள் மரத்தைப் பார்த்தான். "யக்கா, இதையும் கொஞ்சம் கழிச்சுப் போடணும். காத்து பிடிச்சா மூட்டோட மறிச்சிரும்" என்றான்.

"காய் கெடக்குலே. தொடாண்டாம்."

"தெனமும் மூட்டுல வெள்ளம் விட்டா வேரு மேலயே கெடக்கும். நான் சொல்லல்லன்னு வேண்டாம்."

"நீ ஏறத்தான் வந்தே. புத்தி சொல்ல வரல்ல" என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு எனக்கு வாய்க்கொழுப்பு அவ்வளவு.

ஆடியில் காற்று பதினோரு நாள் நிற்கவேயில்லை. ஒரு துளி மழை கிடையாது. எங்கள் மரம் ஏழு காயோடு நின்று ஆடியது. விழுந்தால் கிழக்கேதான் விழும். கிழக்கே மேற்கு அறை. அறைக்குள் அவர். கட்டிலை நகர்த்த என் ஒருத்தியால் முடியாது. அடுத்த வீட்டு மரியபாக்கியத்தைக் கூப்பிட்டேன். காற்று அடங்கட்டும் என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் விழுந்தேன். அழகாக ஜெபிக்கத் தெரிந்தவள்தான் நான். அன்றைக்கு வாயில் வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, நான் திருடி. எனக்காக வேண்டாம். இவர் மேல் விழவிடாதேயும்."

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மண் கிழிகிற சத்தம் கேட்டது. அறை இருண்டது. நான் அவர்மேல் கவிழ்ந்து கிடந்தேன். ஓடு நாலைந்து உடைந்து விழுந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

வெளியே போய்ப் பார்த்தேன். எங்கள் மரம் வேரோடு சாய்ந்து, கர்த்தருடைய மரத்தின் இரண்டு கொம்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. அந்தச் சவலை மரம் அத்தனை பாரத்தையும் வாங்கிக்கொண்டு இம்மி அசையவில்லை. எங்கள் மரத்தின் வேரைப் பார்த்தேன். பாய் விரித்த மாதிரி மேல்மண்ணில் பரந்து கிடந்தது. ஆழத்துக்கு ஒரு வேர் போகவில்லை. ஏழு சக்கையும் சிதறிக் கிடந்தன.

உள்ளே ஓடிவந்தேன். அவர் பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, நீ தண்ணி குடுக்காத்த மரம்லா நின்னுருக்கு" என்றார். இரண்டு மாதமாக ஜன்னல் வழியே எல்லாம் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் மரத்தை வெட்டி இறக்கிய தாசய்யன் சொன்னான், மேலே வெள்ளம் கிட்டாத மரம் கீழே தேடிப் போகும் என்று. நான் வஞ்சித்தது அதற்கு வேராயிற்று. ஆட்டுக்காக வெட்டியதில் காற்றுக்கு வழியாயிற்று. நான் செல்லம் கொடுத்தது விழுந்தது.

ஆவணியில் அறுப்பின் பண்டிகை வந்தது. கர்த்தருடைய மரத்தின் ஒற்றைச் சக்கையைக் கோவிலுக்குக் கொண்டு போனேன். நான் வாய் திறக்குமுன் சபை மூப்பர் எழுந்து, "இந்த அம்மா தனக்குக் கொறச்சு, கர்த்தர் மரத்துக்கு வார்த்தாங்க. கர்த்தர் கைவிட்டாரா?" என்றார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் கிடைத்தது. நான் தலையாட்டினேன். பிறகு எழுந்து அதையே கண்ணீரோடு பெரிதாக்கிச் சொன்னேன். கதவைச் சாத்திய மரியபாக்கியம், காய்ச்சல் பிள்ளையின் தலைமாட்டில் வைக்க அந்த மரத்தில் ஓர் இலை கேட்டாள். பெருமையாகப் பறித்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். "எல்லாம் சொன்னியாட்டி?"

"சொன்னேன்" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். "சரி" என்றார். கார்த்திகையில் இறந்துபோனார். அதுவரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரில் அத்தனை பேர் நம்பினார்கள். அவர் ஒருவர் நம்பவில்லை. அவர் நம்பாததுதான் என்னை இன்றுவரை தின்கிறது.

சகோதர சகோதரிகளே, கொடுத்தேன், அதனால் பெற்றேன் என்று என்னை உதாரணம் காட்டாதீர்கள். நான் கொடுக்கவில்லை. திருடினேன். திருடியின் ஜெபத்தையும் ஆண்டவர் கேட்டார். அவரை எனக்கு இன்னும் மூன்று நாலு மாதம் கொடுத்தார். அந்த மாதங்களை நான் பொய்யில் கழித்தேன். அது ஆண்டவர் குற்றமில்லை.

இப்போது ஆட்டை விற்றுவிட்டேன். ஆனி வருமுன் தாசய்யன் வந்து, வேண்டிய கிளையை மட்டும் கழிக்கிறான். கிளை நிழல் முடிகிற இடத்தில் வட்டமாகப் பாத்தி வெட்டி, பத்து நாளைக்கு ஒரு தடவை ஆழ ஊறும்படி தண்ணீர் விடுகிறேன். அவர் நடந்த காலத்தில் அப்படித்தான் விடுவார். மரம் நன்றாக இருக்கிறது. காய் எல்லாம் கோவிலுக்குப் போகிறது. ஒரு சுளை நான் தின்றதில்லை.

சொல்லக் கூசுகிற காரியம் உங்களிடம் இருந்தால், அதோடேயே ஆண்டவரிடம் போங்கள். நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வீட்டில் உங்களைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவர்களிடம் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாம் சொன்னாயா என்று அவர் கேட்டார். இன்றைக்குச் சொல்லிவிட்டேன். கேட்டவர்தான் இல்லை.