பத்திரிகை அட்டையில் வெட்டிய இறக்கை

பத்திரிகையை ஆள்விட்டு அனுப்பினார் என்ற கோபத்தில், எதிர்வீட்டு அக்கா மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அந்தக் கெட்டி அட்டையைத்தான் என் ராக்கெட்டுக்கு இறக்கையாக வெட்டினேன்.

காலி பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் கால்வாசி தண்ணீர் ஊற்றி, கார்க் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்தால் எவ்வளவு உயரம் போகும் என்று பார்க்க ஆசை. மொட்டைமாடியிலிருந்து சீறியது, தென்காசிச் சாரல் காற்றில் சாய்ந்து அக்கா வீட்டு முற்றத்திலேயே விழுந்தது. அவரே எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

“ஏட்டி, எம்மவ கல்யாணப் பத்திரிகைல்லா இது?”

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு றெக்க சின்னதா இருக்கு, அதான் சாயுது. வீட்ல மிச்சப் பத்திரிகை கெடக்கு, எடுத்துட்டு வாரேன்.”

அடுத்த முறை அது தென்னைக்கு மேலே பறந்தது.

நேரில் வந்து தரவில்லை என்றுதானே வீம்பு பிடித்தேன்? அன்று என் கையிலேயே தந்தார். கல்யாணம்தான் முடிந்துபோயிருந்தது.