பேர் வெச்சவன் ஒருத்தன், பயந்தவள் நான்

ஆய்வக உதவியாளர் வேலை என்றால் சோதனைக் குழாய் கழுவுகிற வேலை என்றுதான் ஊர் நினைக்கிறது. எந்தக் குழாயில் என்ன இருந்தது என்று தெரியாமலே கழுவுகிற வேலை என்பது, சக உதவியாளர்களே, உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

செங்கல்பட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற சாலையில் இருக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினெட்டு வருஷமாக வேதியியல் ஆய்வகம் என் பொறுப்பு. ஸ்டெல்லா டீச்சர்தான் வேதியியல் ஆசிரியை. ஏதாவது விபரீதம் நடந்து முடிந்து, நான் தரையைத் துடைத்து முடிப்பதற்குள், அந்தத் தனிமத்துக்கு ஏன் அந்தப் பேர் வந்தது என்று கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார். பயத்தோடு கேட்ட கதை மறக்காது. அப்படி மறக்காத நான்கு இங்கே.

பூச்சி தின்ற பேர்

செய்முறைத் தேர்வு நாள். காலை எட்டரை மணி. ஒன்பதரைக்கு வெளித்தேர்வாளர் வந்துவிடுவார். உப்புப் புட்டிகளை வரிசையாக எடுத்து வைக்கும்போது பார்க்கிறேன், இரண்டு புட்டிகளில் லேபிளைப் பூச்சி அரித்திருக்கிறது. இரண்டிலும் வெள்ளைப் பொடி. ஒன்று பேரியம் உப்பு, இன்னொன்று ஸ்ட்ரான்சியம் உப்பு. எது எது? மாற்றி வைத்தால் இருபது பிள்ளைகள் சரியாகச் செய்தும் தப்பாகிவிடும். ஸ்டெல்லா டீச்சருக்குப் போன் போட்டால், பஸ் செங்கல்பட்டு ரயில்வே கேட்டில் நிற்கிறதாம்.

சுடர் சோதனை நானே செய்தேன். கம்பியில் பொடியைத் தொட்டுச் சுடரில் காட்டினால் மஞ்சளாக எரிந்தது. இரண்டு உப்புக்கும் வராத நிறம் அது. அப்புறம்தான் புத்தி வந்தது: அது என் கை வியர்வையின் உப்பு. கம்பியை அமிலத்தில் முக்கி முக்கிச் சுட்டு, மறுபடியும் காட்டினேன். ஒன்று பச்சை. இன்னொன்று குங்குமச் சிவப்பு. அந்தச் சிவப்புதான் ஸ்ட்ரான்சியம். பேர் எழுதி ஒட்டி முடிக்கவும் தேர்வாளர் படியேறவும் சரியாக இருந்தது. மத்தியானம் டீச்சர் கதை சொன்னார்: ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு ஈயச் சுரங்கம், அதில் கிடைத்த கல்லில் இது இருந்ததால் அந்த ஊர்ப் பேரையே வைத்துவிட்டார்கள். சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அந்தப் பட்டிக்காட்டுப் பேரு உலகத்துல எல்லா லேப்லயும் இருக்கு. நம்ம ஊரு பேரு நம்ம பஸ் போர்டுலயே பாதி அழிஞ்சிருக்கு!"

நாற்றம்

புரோமின் புட்டி வைத்திருந்த அலமாரி கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அது என் தப்பு, இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் உள்ளே முப்பது பேர் சோதனை செய்துகொண்டிருக்கையில் அலமாரித் தட்டு சரிந்து புட்டி கீழே விழுந்து உடைந்தது. செம்பழுப்பு ஆவி கிளம்பியது. இருக்கிற ஒரே வாசலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் அது. ஜன்னலுக்கெல்லாம் கம்பி.

பிள்ளைகள் இருமிக்கொண்டே குனிந்து உட்கார ஆரம்பித்தார்கள். நெருப்புப் புகை என்றால் அப்படித்தான் செய்யச் சொல்வார்கள். ஆனால் இந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊரும். "உக்காராதீங்கடி! எழுந்து பெஞ்சு மேல ஏறுங்க!" என்று கத்தினேன். புரோமினை முறிக்கிற ஹைப்போ கரைசல் ஒரு வாளி எப்போதும் கலந்து வைத்திருப்பேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை அப்படியே புட்டி மேல் கவிழ்த்தேன். நிறம் வெளுத்தது. ஸ்டெல்லா டீச்சர் ஈரத் துப்பட்டாவை முகத்தில் கட்டச் சொல்லி ஒவ்வொருத்தியாகப் பெஞ்சு மேலேயே நடக்கவைத்து வெளியே அனுப்பினார். வேப்ப மரத்தடியில் தலைகளை எண்ணினேன். இருபத்தொன்பது. மறுபடி எண்ணினேன். முப்பது.

அங்கேயே டீச்சர் கதையை ஆரம்பித்தார்: பிரான்ஸ் தேசத்து உப்பளத் தண்ணீரில் இதைக் கண்டுபிடித்தார்களாம். கிரேக்க மொழியில் நாற்றம் என்று அர்த்தம் வரும் சொல்லையே பேராக வைத்தார்களாம். மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த வாட்ச்மேன் துரை சொன்னார்:

"நேர்மையான ஆளுங்கக்கா. நாத்தத்துக்கு நாத்தம்னே பேர் வெச்சிக்கிறானுங்க!"

ஓடுகிற சாமி

இயற்பியல் ஆய்வகத்தில் வெப்பமானி உடைந்தது. சிந்திய பாதரசத்தைப் பதினோராம் வகுப்பு ஹேமா கையில் உருட்டி விளையாடியிருக்கிறாள். விரலில் அம்மாவின் தங்க மோதிரம். அது வெள்ளியாக வெளுத்துப்போக, பயந்து யாரிடமும் சொல்லாமல் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் தோழி வந்து என்னிடம் சொன்ன கடைசி வார்த்தையில்தான் எனக்கு உயிர் போனது: "அடுப்புல காட்டினா வெள்ளை போயிடுமாம்க்கா, அவ போன்ல பாத்தா."

சூடு பட்டால் பாதரசம் விஷ ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது. ஹேமா வீட்டுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. வீடு இரண்டு தெரு தள்ளி. செருப்பை மாட்டாமல் ஓடினேன். சமையலறையில் அவள் அம்மா இடுக்கியில் மோதிரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் ஹேமா, அடுப்பு பற்றவைத்தாகிவிட்டது, ஜன்னல் சாத்தியிருக்கிறது. கையைத் தட்டிவிட்டு அடுப்பை அணைத்து இருவரையும் வெளியே இழுத்தேன். "ஏம்மா, வூட்டுக்குள்ள பூந்து இன்னா பண்ற நீ?" என்று அந்த அம்மா சத்தம் போட, தெருவே கூடிவிட்டது.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் இருவரையும் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். ரோமானியர்களின் வேகமாக ஓடுகிற தெய்வத்தின் பேரைத்தான் ஆங்கிலத்தில் பாதரசத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று மறுநாள் டீச்சர் வகுப்பில் சொல்ல, ஹேமா வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் அவள் அம்மா பள்ளி வாசலில் காத்திருந்தார்.

"ஓடுற சாமின்னு அதுக்குப் பேர் வெச்சிக்கிறாங்களாமே. அன்னிக்கி ஓடியாந்தது நீதானம்மா!"

ஒளி ஏந்தி

கோடை விடுமுறை. புதுக் கட்டடத்துக்குச் சாமான் மாற்றிக்கொண்டிருந்தோம், நானும் துரையும். பழைய அலமாரியின் அடித்தட்டில், நான் வேலைக்கு வருவதற்கு முன்னாலிருந்தே பூட்டிக் கிடந்த தடுப்புக்குள், ஒரு ஜாடி. உள்ளே மஞ்சள் மெழுகுபோலக் குச்சிகள். தண்ணீர் இரண்டு விரற்கடைதான் மிச்சம். ஒரு குச்சியின் நுனி தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தது. மூடியைத் திறந்ததும் அந்த நுனியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. பூண்டு வாசனை.

வெள்ளைப் பாஸ்பரஸ். காற்றுப் பட்டால் தானாகப் பற்றிக்கொள்ளும். குழாயைத் திருகினேன். காற்றுதான் வந்தது, லீவுக்குத் தொட்டியைக் காலி செய்திருந்தார்கள். பக்கத்திலேயே ஸ்பிரிட் கேன்கள். என் பையிலிருந்த குடிதண்ணீர் பாட்டிலை மெதுவாக ஊற்றினேன். நுனி இன்னும் தெரிந்தது. துரை தன் பாட்டிலை நீட்டினார். அதையும் ஊற்றிய பிறகுதான் குச்சி மூழ்கி, புகை நின்றது. தீயணைப்புக்காரர்கள் வந்து ஜாடியை மணல் வாளிக்குள் இறக்கி எடுத்துப் போகும்வரை நாங்கள் இருவரும் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அன்றைக்கு டீச்சர் இல்லை. அவர் எப்போதோ சொன்னதை நானே துரைக்குச் சொன்னேன்: ஜெர்மனியில் ஒருவர் தங்கம் கிடைக்கும் என்று மூத்திரத்தைப் பீப்பாய் பீப்பாயாகக் காய்ச்சினார், தங்கத்துக்குப் பதில் இருட்டில் மினுக்குகிற இது கிடைத்தது, ஒளியை ஏந்தி வருவது என்று பேர் வைத்தார்கள். துரை சிரிக்கவில்லை. அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, பத்து வருசமா மத்தியானத்துல நான் இந்தச் செவுத்துக்கு அந்தாண்டதான் தல வெச்சி தூங்கினு கீறேன்."

தனிமத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு அதற்குப் பேர் வைக்கும் பாக்கியம் கிடைத்தது, அதைக் காபந்து பண்ணுகிற நமக்கோ பள்ளி ஆண்டுமலரின் புகைப்படத்துக்குக் கீழே 'மற்றும் பலர்' என்ற பேர்தான் கிடைக்கிறது.