நல்லெண்ணெயில் போட்ட சங்கிலி

எங்கள் தெருப் பெண்களுக்கு இப்போது ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன வாரம் அதில் ஒருத்தி, ரயிலில் நகையை எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோவது என்று கேட்டாள். அரை மணி நேரத்துக்குள் பதில்கள் கொட்டிவிட்டன. சாப்பாட்டுப் பாத்திரத்தின் அடியில் வை, குழந்தையின் உள்சட்டையில் ஊக்குக் குத்தி மாட்டு, அழுக்குத் துணிக்கு நடுவில் சுருட்டு. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படித்தேன். எண்ணெயில் போடு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே குழுவிலிருந்து விலகியிருப்பேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. காரைக்காலை ஒட்டிய தலத்தெருவில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் அனுப்பும் கம்பெனியில் வேலை. சுவரை ஒட்டிய பக்கத்து வீடு அத்தையுடையது. அப்பாவுக்கு மூத்தவர் என்பதால் எங்கள் வீட்டுக்கும் சேர்த்து அவர்தான் யோசிப்பார். தஞ்சாவூரில் சித்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பாவுக்குக் கல்யாணத்துக்கு முதல் நாள்தான் லீவு என்றாகிவிட்டதால், நானும் அம்மாவும் மூன்று நாள் முன்னாலேயே பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. அம்மா அதுவரை அப்பா இல்லாமல் போன தூரம் திருநள்ளாறு வரைதான்.

விஷயம் தெரிந்ததும் யோசனை சொல்ல ஆள் சேர்ந்துவிட்டது. ஆள் என்றால் இரண்டே பேர்தான், அத்தையும் எதிர்வீட்டு அக்காவும். ஆனால் இருபது பேர் சொல்லக்கூடியதை அந்த இருவருமே சொல்லிவிடுவார்கள். மத்தியானம் சமையல் முடிந்ததும் எங்கள் அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஒரு யோசனை வாங்கினால் பதிலுக்கு ஒன்று கொடுத்துவிட வேண்டும், அது எங்கள் தெரு மரியாதை. பஸ்ஸில் வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழம் வைத்துக்கொள் என்று அக்கா சொன்னால், மீன் கழுவிய கையில் வாடை போகப் புளி தேய்த்துக்கொள் என்று அம்மா திருப்பிச் சொல்வார். வீட்டைப் பூட்டும்போது உள்ளே ஒரு லைட்டை எரிய விடு, சிலிண்டரை மூடு, ரூபாயை மூன்றாகப் பிரித்து மூன்று இடத்தில் வை. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்கும் ஒரு யோசனை கிடைத்தது.

"பாப்பா, பஸ்ஸுல யாரு என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடு. பேச்சுக் குடுத்துத்தான் திருடுறாங்க" என்றார் எதிர்வீட்டு அக்கா.

கடைசியில் பேச்சு சங்கிலியில் வந்து நின்றது. அம்மாவிடம் ஐந்து பவுனில் ஒரு சங்கிலி இருந்தது. அப்பா கல்யாணத்தின்போது அத்தை தன் கைக்காசில் வாங்கிப் போட்டது. அம்மா அதைப் பீரோவை விட்டு வெளியே எடுப்பதே அபூர்வம். சித்தி கல்யாணத்துக்கு அதைப் போடாமல் போனால் பிறந்த வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று அத்தைக்குக் கவலை. கழுத்தில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனால் அறுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்று இன்னொரு கவலை. கைப்பையில் வைத்தால் பையோடு போய்விடும்.

"நான் பாட்டுக்குச் சாதாரணமா எடுத்துக்கிட்டுப் போயிடுறேன் அண்ணி" என்றார் அம்மா.

"என்னத்த சாதாரணமா? அஞ்சு பவுனும்மா! கல்யாண வீட்டுக்குச் செக்கு நல்லெண்ணெ கொண்டு போறல்ல, அதுக்குள்ள போட்டுடு. எண்ணெ பாட்டில எவன் தொடப் போறான்?"

அந்த யோசனையை எதிர்வீட்டு அக்கா கையைத் தட்டி வரவேற்றார். அத்தை சங்கிலிக்காகக் கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. நானே போடுறேன் அண்ணி என்று சொல்லித் திரும்பி நின்றுகொண்டு, சங்கிலியைப் பாட்டிலின் வாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். அது எண்ணெயில் மெல்ல முங்கி, வெளியே தெரியாதபடி அடியில் போய்ச் சுருண்டது. அம்மாவின் நெற்றி வேர்த்திருந்தது. தங்கம் என்றால் அப்படித்தான் வேர்க்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பிராந்தி பாட்டில். எங்கள் அப்பா குடிக்கமாட்டார். ஆனாலும் காரைக்காலில் எந்த வீட்டு அடுப்படியில் பார்த்தாலும் பிராந்தி பாட்டிலில் தேன் இருக்கும், ரம் பாட்டிலில் விளக்கெண்ணெய் இருக்கும். தெருவுக்குத் தெரு கடை இருக்கிற ஊரில் நல்ல கனத்த கண்ணாடி பாட்டில் சும்மா கிடைக்கும்போது யார் விடுவார்கள்? பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து எங்கள் கண்ணுக்கு அது எண்ணெய் பாட்டிலாகவே ஆகிவிட்டது. அத்தனை புத்திசாலிகள் சேர்ந்து இரண்டு வாரம் யோசித்ததில், எல்லையில் போலீஸ் இருக்கும், நம் ஊர் சரக்கைத்தான் தேடும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

பஸ் காரைக்கால் எல்லையைத் தாண்டிச் செக்போஸ்டில் நின்றது. ஓர் ஏட்டு ஏறி ஒவ்வொரு பையாகத் தட்டிக்கொண்டு வந்தார். அம்மா பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். அவ்வளவு இறுக்கிப் பிடித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஏட்டு பையைத் திறக்கச் சொன்னார். பழுப்பு நிறத்தில் முக்கால் பாட்டில். லேபிளைக்கூட நாங்கள் முழுசாகச் சுரண்டியிருக்கவில்லை.

"என்ன பாப்பா இது?" என்று என்னிடம் கேட்டார்.

 பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. யார் கேட்டாலும் என்று அக்கா சொன்னதில் போலீஸும் சேர்த்தியா இல்லையா என்று கேட்டுவைக்காமல் வந்துவிட்டேனே என்று தவித்தேன்.

"தெரியாது" என்றேன்.

அதே நேரத்தில் அம்மா "எண்ணெய்ங்க" என்றார்.

எங்களைக் கீழே இறங்கச் சொன்னார்கள். பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். யாரோ ஒருவர் "கல்யாணத்துக்குத்தான் போவுது போல" என்று சொல்ல, சிரிப்பு எழுந்தது. எல்லாம் எங்கள் ஊர்ப் பஸ்ஸில் வருகிறவர்கள், ஒருவருக்காவது அத்தையைத் தெரியாமலிருக்காது. ஏட்டு மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். எண்ணெய்தான் மணத்தது. விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

"மேல எண்ணெ, அடியில சரக்கு. இதெல்லாம் நாங்க பாக்காததா? ஊத்திக் காட்டுங்க" என்றார்.

அம்மா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்றுவிட்டார். எந்த அதட்டலுக்கும் எதிர்த்துப் பேசி அறியாத அம்மா, ஊத்த வேணாங்க, கல்யாண வீட்டுக்குப் போற எண்ணெய்ங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்ல ஏட்டின் முகம் கடுத்தது. அம்மாவை ஜெயிலில் போட்டுவிடுவார்கள், நான் தனியாகத் தஞ்சாவூருக்கு வழி கேட்டுக்கொண்டு போகவேண்டியிருக்கும் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ரூபாய் வைத்திருந்த மூன்று இடங்களில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாய்விட்டு அழ ஆரம்பித்தேன்.

கண்டக்டர் விசில் ஊதினார். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு பெண் போலீஸ் வந்தார். சின்ன வயசுதான். அவர் எங்கள் டிபன் கேரியரில் மேல் அடுக்கைக் காலி செய்து, பாட்டிலை அம்மா கையிலிருந்து மெதுவாக வாங்கி அதில் சாய்த்தார். எண்ணெய் வழிந்தது. கடைசியில் எண்ணெயோடு சங்கிலியும் நழுவி விழுந்தது.

"அடேங்கப்பா!" என்றார் ஏட்டு. பஸ்ஸில் அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் போலீஸக்கா சங்கிலியை எடுத்துத் தன் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே வந்தவர், கொக்கிக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். அந்த இடம் மட்டும் கொஞ்சம் சிவப்பாகத் தெரிந்தது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சங்கிலியை உள்ளங்கைக்குள் சுருட்டி மூடிக்கொண்டு, பஸ்ஸின் கடைசி சீட் வரை கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"தங்கம் விக்கிற வெலையில இப்படியா கொண்டு போவாங்க? கழுத்துல போட்டு முந்தானைய இழுத்து மூடிக்கங்க. பத்திரம்."

சொன்னதோடு நிற்காமல் அவரே அம்மாவின் கழுத்தில் அதை மாட்டி, கொக்கியைப் பின்பக்கம் ரவிக்கைக்குள் தள்ளிவிட்டார். எண்ணெயைச் சிந்தாமல் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா அழுதார். நாகூர் தாண்டியும் அழுதுகொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஜெயிலும் இல்லை, நகையும் பத்திரம், இனி எதற்கு அழுகை? அதுதான் கெடைச்சிடுச்சேம்மா என்று இரண்டு தடவை சொல்லியும் பார்த்தேன்.

அது கவரிங் என்பது பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரியும். அதற்கு இரண்டு வருடம் முன்பு அப்பா வெளிநாட்டு வேலைக்கென்று கிளம்பிப் போய் நாற்பது நாளில் திரும்பியிருந்தார். அங்கே வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அத்தையிடம் சொல்லிவைத்தார்கள். காரைக்கால் வெயிலில் ஐஸ் மூட்டை தூக்குகிறவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லையாம்! ஏஜெண்ட் ஏமாற்றியிருந்தான், அவனுக்குப் பணம் கட்ட விற்றதில் அசல் சங்கிலி போய்விட்டது. தான் ஆசையாகப் போட்ட நகை இல்லை என்று அத்தைக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று, அதே மாதிரியில் ஒன்றை வாங்கிப் பீரோவில் வைத்திருந்தார் அம்மா. திருடனைப் பற்றி அவருக்கு ஒரு பயமும் இருந்திருக்காது. யாராவது கையில் வாங்கிப் பார்த்துவிடுவார்களோ என்பதுதான் பயம்.

கல்யாணம் முடிந்து ஊர் திரும்பியதும் முதல் வேலையாக நான் அத்தை வீட்டுக்கு ஓடினேன். அவர் கொல்லைப்புறத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். செக்போஸ்ட் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். போலீஸக்கா தேய்த்துப் பார்த்தது, கொக்கிப் பக்கம் சிவப்பாக இருந்தது, தங்கம்தான் என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னது, அம்மா காரணமே இல்லாமல் நாகூர் தாண்டியும் அழுதது. அத்தையின் கை நின்றுவிட்டது. "செவப்பாவா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். மறுபடி மீனை எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. அம்மா புறப்பட்டுக்கொண்டிருந்தபோது அத்தை வந்தார். தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அம்மாவின் கையில் வைத்தார்.

"ஒன்னோடதுல எண்ணெ வாட இன்னும் போகலம்மா. இனிமே எங்க போனாலும் இதப் போட்டுக்கிட்டுப் போ. அது பீரோவுலயே கெடக்கட்டும்."

அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பீரோவைத் திறந்து அம்மாவின் சங்கிலியை எடுத்து நன்றாக முகர்ந்து பார்த்தேன். சோப்பு மணம்தான் இருந்தது. பெரியவர்கள் தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள்.

"இல்லத்தே, வாடையே வரல. நீங்களே வாங்கிப் பாருங்க" என்று சொல்லி, சங்கிலியை அத்தையிடம் நீட்டினேன்.