ஒன்பதாம் எண் ஆட்டுக்கொட்டில்

எங்கள் ஊர்க் கல்திட்டைகளைப் பார்க்க வருகிறவர்களை மக்தர் நகரத்திலிருந்து என் வண்டியில்தான் கொண்டுவந்து இறக்குவேன். இறங்குகிற இடத்தில் லஸ்ஹர் மாமா தயாராக நிற்பார். முப்பது வருடமாக அவர்தான் வழிகாட்டி. யாரும் அவரை வேலைக்கு வைக்கவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டு நின்றவரிடம் யாரோ வழி கேட்டார்கள், அன்றிலிருந்து அதையே பிடித்துக்கொண்டார்.

கல்திட்டைகள் இருப்பது மேட்டின் உச்சியில். மூவாயிரம் வருடத்துக் கல்லறைகள் என்று படித்தவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அவை பூதவீடுகள். ஏறிப்போக முக்கால் மணி நேரம் ஆகும், மாமாவுக்கோ முழங்கால் வலி. வழிகாட்ட ஆரம்பித்த புதிதிலேயே ஒருநாள் தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஆட்டுக்கொட்டிலைக் காட்டி, "இருக்கறதுலயே பெருசு இதுதான். ராஜாவோட கல்லறை" என்று சொல்லிவிட்டார். மூன்று பக்கமும் நிற்கும் பலகைக்கற்கள், மேலே ஒற்றைக் கல்லில் கூரை. வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆட்டுப்புழுக்கையைக்கூடப் படம் எடுத்தார்கள். மாமி முபாரக்கா புதினா போட்டுத் தேநீர் கொடுத்தாள். அதன்பிறகு ஒருவரும் மேடேறவில்லை. நானும் பேசாமல்தான் இருந்தேன், எனக்கும் சீக்கிரம் திரும்ப வேண்டுமே.

உண்மையில் அந்தக் கொட்டிலைக் கட்டியவர் மாமாவின் அப்பா பூபக்கர். ஊரே கூடி ஒருவருக்கு வேலை செய்து கொடுத்துவிட்டு, அவர் வீட்டில் கூஸ்கூஸ் விருந்து சாப்பிட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அப்படித்தான் மேட்டிலிருந்த பூதவீடு ஒன்றைப் பிரித்து, கற்களை மரக்கட்டைகள்மேல் உருட்டிக் கொண்டுவந்தார்களாம். மாமாவுக்கு அப்போது ஆறு வயது. கூரைக்கல்லுக்கு அடியில் கையை வைத்துவிட்டார். வலது கட்டைவிரலில் இன்றும் நகம் கிடையாது. இதெல்லாம் அவர் சொல்லிக் கேட்டதுதான், நான் அப்போது பிறக்கவில்லை.

இந்த இலையுதிர் காலத்தில் இப்திசாம் என்ற தொல்லியல் அதிகாரி கல்லறைகளைக் கணக்கெடுக்க அளவுநாடாவும் சாயப்புட்டியுமாக வந்தாள். கொட்டில் சுவரில் ஒன்பது என்று எழுதினாள்.

"அடுத்த வாரம் வேலி போட்டுடுவோம் பெரியவரே. ஆடுகளை வேற இடத்துல கட்டிக்குங்க."

பனி விழ இரண்டு மாதம்கூட இல்லை. பதினோரு ஆடுகள் சினை. திறந்த வெளியில் ஈன்றால் ஒரு குட்டிகூடத் தங்காது. மாமாவுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

"அம்மா, இது எங்கப்பா கட்டினதும்மா" என்றார்.

அவள் கோப்பைத் திறந்தாள். "வந்து பார்த்தவங்க பன்னெண்டு பேர் எழுதியிருக்காங்க. எல்லாரும் உங்க பேரைப் போட்டுத்தான் எழுதியிருக்காங்க. ராஜாவோட கல்லறைன்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான். அது பொய்."

"அது பொய்யா, இது பொய்யா? வேலின்னதும் எல்லா ஊர்லயும் எங்கப்பா கட்டினதும்பாங்க. கல்லுல இருக்கற வெட்டு அப்படியே மேட்டுல இருக்கற மாதிரியே இருக்கு."

"அங்கேர்ந்து வந்த கல்லுதாம்மா இது."

"கல்லறையைப் பிரிச்சது யாரு? அது குற்றம்னு தெரியுமில்ல? சாட்சி இருந்தாக் கூட்டிட்டு வாங்க."

அன்று கல் இழுத்தவர்களில் உயிரோடு இருப்பவர் துஹாமி ஒருவர்தான். தொண்ணூறு வயது. நானே வண்டியில் ஏற்றி வந்தேன். குற்றம் என்ற சொல் அவர் காதுக்கு எப்படியோ முன்பே போய்விட்டது. "நான் எந்தக் கல்லையும் தொடலை. அதைப் பூதங்க வச்சது" என்று சத்தியம் செய்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

மாமா கடைசியாகத் தன் கட்டைவிரலை நீட்டினார். "இந்தா, இதைப் பாரும்மா. அந்தக் கூரைக்கல்லு நசுக்கினது."

தேநீர்த் தட்டோடு வந்த மாமி நின்றுவிட்டாள். "விரலா? அது உங்கக்கா கதவைச் சாத்தினப்ப மாட்டிக்கிட்டதுன்னுல்ல உங்கம்மா என்கிட்ட சொன்னாங்க?"

மாமா அவளையே பார்த்தார். பிறகு விரலைப் பார்த்தார்.

பிற்பகலில் வந்து என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். எங்கும் போகவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்.

"நூரி, கல்லு இழுத்தது எனக்கு ஞாபகம் இருக்கு. ராஜாவைப் புதைச்சதும் ஞாபகம் இருக்குடா."

"அது நீங்க கட்டிவிட்ட கதை மாமா."

"தெரியுது. ஆனா முப்பது வருஷமாச் சொன்னேன் பாரு, ராஜா முகம் நல்லாத் தெரியுது. மஞ்சக் கண்ணு, சின்னத் தாடி. அப்பா முகம்தான் வரமாட்டேங்குது."

இப்திசாமிடம் போய் நானும் சொல்லிப் பார்த்தேன். "நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டாள். பார்க்கவில்லை. பொய் சொன்னபோது கூட நின்றவன் நான், மெய்க்குச் சாட்சி சொல்லும் தகுதி எனக்கும் இல்லை.

வேலி வந்துவிட்டது. பதினோரு ஆடுகளும் இப்போது மாமா வீட்டுக் கூடத்தில் இருக்கின்றன. மாமாவும் மாமியும் அடுக்களையில் படுக்கிறார்கள். "ராஜாவுக்கு இடம் விட்டாச்சு, இனி ராணியைத்தான் கூட்டிட்டு வரணும்" என்று மாமி திட்டிக்கொண்டே தினமும் கூடத்தைக் கூட்டுகிறாள்.

நேற்று வேலியில் ஒரு பலகை மாட்டினார்கள். மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னை வாசிக்கச் சொன்னார்.

"எண் ஒன்பது. கல்லறை. கட்டியவர் யாரென்று தெரியவில்லை."

"இன்னொரு தடவை வாசி."

வாசித்தேன். அவர் கட்டைவிரலைத் தடவிக்கொண்டே நின்றார்.

"விரல் நசுங்கினப்ப ஒருத்தர் என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினார், நூரி. கல்லுல நசுங்கினாலும் கதவுல நசுங்கினாலும் யாராச்சும் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கணும்தானே?"

"ஆமா மாமா."

"அது எங்கப்பா பூபக்கர்தான். அதையாவது அந்தப் பலகையில எழுதச் சொல்லுடா."