மூட்டைக்கு ஒரு கொட்டை

குடோன் கணக்கு எழுதுகிறவன் மூட்டையைத் தூக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம், இருப்பதை இருக்கிறது என்று எழுதினால் போதும். அதை மட்டும்தான் எழுத விடமாட்டார்கள். ஸ்டாக் புத்தகத்தோடு குடும்பம் நடத்துகிற உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

அன்றைக்கு குடோனில் இருந்தவர்கள்: முதலாளி, ஆபீஸ் கணக்கு பார்க்கும் பர்வீன், லோடுமேன் கருப்பையா, அவருடைய ஆட்கள் ஆறு பேர், திருச்சி ஆடிட்டர் ஆபீசிலிருந்து வந்த அம்மா, பேங்க் ஆபீசர், நான். ஆக பன்னிரண்டு பேர். அந்த நாளுக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்ணெய் டின்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரி உடைக்கிற கம்பெனி அது. நான் எட்டாவது வரை படித்தவன். புத்தகத்தில் எழுதுவதில் எனக்கு முழு நம்பிக்கை வந்ததில்லை. எங்காவது ஒரு சைபர் கூடக் குறைய விழுந்துவிட்டால்? அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு பழைய எண்ணெய் டின்னைக் கழுவி வைத்துக்கொண்டேன். மூட்டை ஒன்று உள்ளே வந்தால் அதிலிருந்து ஒரு கொட்டை டின்னுக்குள். மூட்டை வெளியே போனால் ஒரு கொட்டை வெளியே. பதினான்கு வருஷம் இப்படித்தான்.

கருப்பையாவுக்கு என் டின்னைப் பார்த்தாலே சிரிப்பு. ஒருநாள் டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "அண்ணன் வீட்ல பொண்டாட்டி புள்ளைக்கும் ஆளுக்கு ஒரு கொட்டை டின்னுல கெடக்கும், போய்ப் பாருங்கப்பா."

நாளைக்கு வரும் நாற்பது

தப்பு பெரிதாக வரவில்லை. ஒரு மாதக் கடைசியில் பர்வீன் வந்து, நாற்பது மூட்டை லாரியில் வந்துகொண்டிருக்கிறது, இன்றைய தேதியிலேயே எழுதிவிடுங்கள் என்றது. பேங்குக்கு அனுப்பும் கணக்கில் நாற்பது குறைந்ததாம். நான் பேனாவை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். கடைசியில் எழுதினேன். டின்னில் மட்டும் போடவில்லை. கையில் கொட்டை இல்லையே.

மறுநாள் காலையில் லாரி வந்தது. எண்ணினேன், சரியாக நாற்பது. எனக்கு நெஞ்சு லேசானது. அதுதான் தப்பாகப் போயிற்று. அந்த லாரி வராமல் இருந்திருந்தால் அடுத்த மாதம் எழுதியிருக்க மாட்டேன். பர்வீன் கதவோரம் நின்று சொன்னது: "வந்துருச்சுல்லண்ணே? இதுக்குப் போயி ராத்திரி சாப்பிடாம படுத்தீங்களாம்!"

வராத லாரிகள்

அடுத்த மாதம் நூறு. அதற்கடுத்த மாதம் முந்நூறு. அப்படியே மாதாமாதம் ஏறியது. லாரி எப்போது வரும் என்று கேட்டால் வரும் என்றார்கள். கொட்டை விலை ஏறி, பருப்பு விலை இறங்கியிருந்த வருஷம். சரக்கைக் காட்டித்தான் பேங்கில் கடன் வாங்குவது. சரக்கு குறைந்தால் கடனும் குறையும். போன மாதம் கூட்டி எழுதியதால் இந்த மாதம் அதற்குக் கீழே இறங்க முடியாது.

ஒருநாள் பர்வீனைத் தனியாகப் பார்த்து, ஏம்மா இப்படி என்றேன். கடற்கரைப் பக்கத்துப் பெண். புருஷன் வெளிநாட்டில் வேலை போய்த் திரும்பி வந்து சும்மா இருந்தார். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னது: "நான் அடிக்கலேன்னா அடிக்கிறதுக்கு வேற ஆளு வரும்ணே. அந்தப் புள்ளைக்கும் வீட்ல இதே கதையாத்தான் இருக்கும்."

எண்ணெய் மில்லுக்குப் போகாத ஓடு

கொட்டையை உடைத்ததும் மிஞ்சுகிற ஓட்டை எண்ணெய் மில்காரர்கள் வந்து அள்ளிப்போவார்கள். இரண்டு மாதம் யாரும் வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரிந்தபோது கருப்பையா ஆட்கள் அந்த ஓடுகளைச் சாக்கில் கட்டி அட்டியாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் எல்லாம் ஓட்டு மூட்டை. நாலு பக்கமும் மேலேயும் நல்ல கொட்டை மூட்டை. வெளியிலிருந்து பார்த்தால் அழகான ஒரே அட்டி. இருபது நீளம், பன்னிரண்டு அகலம், பத்து உயரம். இரண்டாயிரத்து நானூறு. என் புத்தகத்தில் இருந்ததும் அதுவேதான்.

கருப்பையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பொம்பளைங்க ஒடச்சத நாங்க கட்டுறோம். கூலியென்னவோ நல்ல மூட்டைக்கு உள்ள கூலிதான்ணே, கொற சொல்லப்படாது."

முதலாளி வாங்கித் தந்த டீ

முதலாளி கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்டாக் எடுக்க ஆள் வருவதற்கு முந்தின நாள் தானே போய் டீ வாங்கி வந்தார். என் டம்ளரில் சர்க்கரை இல்லை. எனக்குச் சர்க்கரை ஆகாது என்று நினைவு வைத்திருந்தார். நாளைக்கு எண்ணி முடித்ததும் கணக்கர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எனக்குப் பெரியவர்கள் முன்னால் பேச்சு வராது.

அவர் குரல் இறங்கியது: "ஒரு மூட்டையக்கூட நான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகலண்ணே. அறுபத்து நாலு பொம்பளைங்களுக்கு சனிக்கெழம சம்பளம் போடணும். அதுல ஒங்க மருமகளும் ஒண்ணு."

பன்னிரண்டு பேர்

ஆடிட்டர் அம்மா குத்தூசியால் ஓரத்து மூட்டைகளைக் குத்திப் பார்த்தார். எல்லாம் நல்ல கொட்டை. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கினார். காகிதத்தை என்னிடம் நீட்டினார். பேனாவை வாங்கினேன். கையெழுத்துப் போடவில்லை. போய் டின்னைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தேன். இது என்னய்யா என்றார். மூட்டைக்கு ஒரு கொட்டை என்றேன். எத்தனை இருக்கிறது என்றார். காலையில்தான் எண்ணியிருந்தேன்.

"ஆயிரத்து இருநூத்தி நாப்பத்தெட்டு."

"புஸ்தகத்துல ரெண்டாயிரத்து நானூறு இருக்கே?" என்றார் பேங்க் ஆபீசர்.

"அதையும் நான்தான் எழுதினேன். அது பொய்."

முதலாளி வெளியே பார்த்தார். பர்வீன் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டது. அட்டியைப் பிரிக்கச் சொன்னார் ஆபீசர். ஓரத்து வரிசைகள் இறங்கின. மூன்றாம் வரிசையில் கைவைத்த கருப்பையா, எண்பது கிலோ இருக்க வேண்டிய மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கிவிட்டார். மூட்டையைப் பிடித்தபடியே அவர் சுற்றிலும் பார்த்தார்: "தூக்கிட்டேன். இத எங்கிட்டு வைக்கிறதுன்னு யாராச்சும் சொல்லுங்க."

ஒன்று

சாயங்காலம் வரை எண்ணினார்கள். ஓடு ஆயிரத்து நூற்று ஐம்பத்து மூன்று. நல்ல மூட்டை ஆயிரத்து இருநூற்று நாற்பத்தேழு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் டின்னில் ஒன்று கூடுதல். இன்னொரு தடவை எண்ணலாமா என்று கேட்டேன். ஆடிட்டர் அம்மா பையை மூடினார்: "அவ்வளவு பெரிய ஓட்டைக்குள்ள ஒங்க ஒண்ணு தெரியாதுங்கய்யா, வீட்டுக்குப் போங்க."

வீட்டுக்குப் போனேன். பேங்க் கடனை நிறுத்திவிட்டது. இருக்கிற கொட்டையை உடைத்து முடித்ததும் கம்பெனியை மூடுவது என்று முடிவாயிற்று. என் பேரிலும் விசாரணை இருந்தது. எழுதியது என் கைதானே, போய்ப் போய் வந்தேன். மருமகள் செல்வி என்னைத் திட்டவில்லை. சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்டாள்: "மூட்டைய எண்ணினது சரிதான் மாமா. நாங்க அறுபத்து நாலு பேரு இனி எங்க போறதுன்னு, அதையும் எண்ணிப் பாத்தீங்களா?"

கடைசி மூட்டை உடைக்கப் போன அன்று நானும் அதற்குரிய கொட்டையை வெளியே எடுத்தேன். ஆயிரத்து நூற்று ஐம்பத்து மூன்று பொய்யை வெளியே போட்டு, அறுபத்து நாலு பேர் வேலைக்கும் முடிவு கட்டின என் டின்னில், எந்த மூட்டையுடையது என்று இன்றுவரை தெரியாமல் மிச்சம் கிடப்பது கொட்டை ஒன்று.